சிவந்த தண்டு

ரூஜ் ஆற்று முகம்

டொரன்டோவின் கிழக்கு விளிம்பில் லாரன்ஸ் சாலை ஒன்டாரியோ ஏரியில் போய் முடியும் இடத்தில் ரூஜ் ஆறும் வந்து முடிகிறது. கோடைக்கால ஞாயிறுகளில் இந்தக் கரையில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் ஈழத்துக் குடும்பங்கள் சாப்பாட்டுப் பெட்டியும் தேத்தண்ணிப் போத்தலுமாக வந்து இறங்குகின்றன. பிள்ளைகள் மணலில் ஓடுகிறார்கள், பெரியவர்கள் மர நிழலில் ஊர்க்கதை பேசுகிறார்கள். ஆற்று முகத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாலத்துக்கு உட்புறம் சதுப்பு விரிகிறது. 2015ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் ரூஜ் தேசிய நகரப் பூங்காவாக ஆன நிலத்தின் ஒரு பகுதி அது.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது ஸ்காபரோவில் மகன் வீட்டில் வசிக்கும் ஆசிரியை ஒருவரின் பயணம் செப்டம்பர் தொடக்கத்தில் இங்கிருந்து கிளம்பியது. காரை ஓட்டியவள் அவருடைய பெறாமகள். பெரிய ஏரிகளின் கரைகளை விழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு நாணலைப் பார்ப்பதும், அதை எதிர்த்து நிற்பவர்களைப் பார்ப்பதும் நோக்கம். அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் ஆசிரியைக்கு இருந்தது. அந்த நாணலுக்கு இந்த மண்ணிலேயே பிறந்த உறவு ஒன்று உண்டு. அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

ரூஜ் சதுப்பில் முன்வரிசையில் நிற்பது சம்பு. பழுப்பு நிறக் கதிரைப் பார்த்ததும் யாரும் சொல்லிவிடலாம். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஆளுயரத்தையும் தாண்டி, உச்சியில் ஊதா கலந்த குஞ்சத்தோடு நின்றதுதான் தேடி வந்த புல்.

"எங்கட நாணல் மாதிரியெல்லோ கிடக்கு, பெரியம்மா?"

"சாதி ஒண்டுதான் பிள்ளை. ஆனால் இஞ்சை இது தனியத்தான் நிக்கும். வேற ஒண்டையும் பக்கத்தில விடாது."

ஃபிராக்மைட்டிஸ் ஆஸ்திராலிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். ஒன்டாரியோவில் பேச்சு வழக்கில் 'ஃபிராக்' என்று சுருக்கிவிட்டார்கள். 5 மீட்டர் வரை உயரும். ஒரு சதுர மீட்டரில் 200 தண்டுகள் வரை நெருங்கி நிற்கும். கனடாவின் மிக மோசமான ஆக்கிரமிப்புத் தாவரம் என்று அந்நாட்டு வேளாண் துறை 2005இல் இதைத்தான் அறிவித்தது.

நெடுஞ்சாலை 400

வடக்கே போகும் நெடுஞ்சாலை ஏறியதும் பெறாமகளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடம் இந்தச் சாலையில் வேலைக்குப் போய் வந்தவள் அவள். இருபுறப் பள்ளங்களிலும், மேம்பாலங்களின் அடியிலும், பேரங்காடிகளின் மழைநீர்க் குட்டைகளைச் சுற்றியும் அந்தப் புல்தான் நிற்கிறது. தெரிந்துகொண்ட பிறகு கண் அதை விடுவதில்லை.

சாலையே அதன் ஆறு. பனிக்காலத்தில் சாலை உறையாமல் இருக்கத் தூவும் உப்பு, பனி உருகும்போது பள்ளத்தில் இறங்குகிறது. மற்ற செடிகள் அந்த உப்பில் வாடும், இது வாடாது. பள்ளத்தைத் தூர்வாரும் இயந்திரத்தின் பல்லில் ஒரு துண்டு நிலத்தடித் தண்டு ஒட்டிக்கொண்டால் போதும், அடுத்த ஊர்ப் பள்ளத்தில் அது முளைக்கும். விதை காற்றில் பறக்கும். மண்ணுக்கு மேலே ஓடுதண்டு தனியாக ஓடும். இத்தனை வழி வைத்திருக்கும் செடியிடம் ஒரே ஒரு வழியை அடைத்து யாரும் வெல்ல முடியாது.

வட அமெரிக்காவில் நாணல் புதிதல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கே இருப்பது. அதனால்தான் அந்நியன் நுழைந்தது நீண்ட காலம் யாருக்கும் தெரியவில்லை. அமைதியாக இருந்த உள்ளூர்ச் செடி ஏன் திடீரென்று இப்படிப் பொங்குகிறது என்றே இருபதாம் நூற்றாண்டின் தாவரவியலாளர்கள் திகைத்தார்கள். விடையை 2002இல் தந்தவர் கிறிஸ்டின் சால்டன்ஸ்டால். பழைய உலர்தாவரத் தொகுப்புகளில் 1910க்கு முன் சேகரித்து ஒட்டிவைத்த தாள்களிலிருந்தும், இன்றைய செடிகளிலிருந்தும் மரபணுவை எடுத்து ஒப்பிட்டார். ஐரோப்பாவிலிருந்து வந்த வேறொரு வகை, உள்ளூர் வகையின் முகத்தை அணிந்துகொண்டு கண்டம் முழுவதும் பரவியிருந்தது. கப்பல்களின் அடிப்பாரத்தோடு கிழக்குக் கரைத் துறைமுகங்களில் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. இரண்டு ஆண்டுகளில் உள்ளூர் நாணல் 'அமெரிக்கானஸ்' என்ற தனித் துணையினமாகப் பெயர் பெற்றது.

வழியில் ஓர் ஓய்விடத்தில் புட்டும் சம்பலும் பிரித்தார்கள். பேச்சு ஊருக்குப் போனது. வடக்கில் பார்த்தீனியம் வந்த கதை ஆசிரியைக்கு மனப்பாடம். எண்பதுகளின் முடிவில் இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அது வந்தது என்று நம்பப்படுகிறது. தோட்டக் காணிகளில் அது வெள்ளைப் பூவோடு சிரித்தபோது முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வந்து, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பிடுங்கப் போனார்கள். இன்னும் பழைய கதை ஆகாயத்தாமரை. குளங்களை மூடிய அந்தச் செடிக்கு எதிராக இலங்கையில் 1909இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஒன்டாரியோ மாகாணத்தின் ஆக்கிரமிப்பு உயிரினச் சட்டம் 2015இல்தான் பிறந்தது. அதன் கீழ் இந்த நாணலை வாங்குவதும் விற்பதும் வளர்ப்பதும் இப்போது குற்றம்.

விம்போல்வுட் கடற்கரை

ஜோர்ஜியன் விரிகுடா என்று பெயரே தவிர, அது ஹூரன் ஏரியின் ஒரு கை. தண்ணீர் அவ்வளவு தெளிவு. இடுப்பளவு ஆழத்திலும் கூழாங்கல்லின் கோடுகள் தெரியும். உப்புக் காற்றும் மீன் வாடையும் இல்லாத இந்தக் கரை பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவருக்கு ஏதோ குறைவதுபோல் இருந்தது. மணலில் வெறுங்காலோடு நடந்த பிறகுதான் ஆசிரியைக்கு அது பிடித்தது.

டைனி என்ற ஊராட்சியில் உள்ள விம்போல்வுட் கடற்கரை இந்தப் புல்லை எதிர்ப்பவர்களிடையே பேர் பெற்றது. ஹம்பர் கல்லூரிப் பேராசிரியர் லின் ஷார்ட் இங்கே கோடைவாசிகளைத் திரட்டி, மருந்து தொடாமல் மணற்கரையை மீட்கும் முறை ஒன்றை வளர்த்தெடுத்தார். கருவி ஒன்றுதான்: கூராகத் தீட்டிய தட்டையான சவள். தண்டின் அடியில் மணலுக்குள் அதைச் சாய்வாக இறக்கி, நிலத்தடித் தண்டைத் தோண்டி எடுக்காமல், மேலே வரும் தண்டை மட்டும் அறுத்து இழுக்க வேண்டும். கிழங்கோடு பிடுங்கினால் துண்டாகும்; ஒவ்வொரு துண்டும் புதுச் செடி. அறுத்தால் அடியில் கிடப்பது தன் சேமிப்பைச் செலவழித்து மறுபடி தளிர்விடும். மறுபடி அறுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு தளிர் மெலிந்துகொண்டே வரும்.

கரையில் சவளோடு நின்ற ஒரு கோடைவீட்டு மூதாட்டி, ஆசிரியையின் கையில் சவளைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முதல் தண்டு நறுக்கென்று வந்துவிட்டது. அடர்ந்த புதரில் ஒரு நாள் முழுக்கக் குனிந்தாலும் ஒரு பாய் அளவு இடம்தான் வெளுக்கும் என்று அந்த மூதாட்டி சொன்னதைப் பெறாமகள் மொழிபெயர்த்தாள். தன் வீட்டு முன்கரையில் அவர் வேலையைத் தொடங்கியபோது தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லையாம். இப்போது பேரப்பிள்ளைகள் அங்கே நீந்துகிறார்கள்.

தண்ணீரில் நிற்கும் நாணலுக்கு வேறு வழி. அதன் உடற்கூறே அதற்கான துப்பைத் தருகிறது. சேற்றில் காற்று இல்லை. நிலத்தடித் தண்டு மூச்சுவிடுவது தண்டின் உள்ளே இருக்கும் குழல் வழியாக. சென்ற ஆண்டின் காய்ந்த தட்டைகூடச் சும்மா நிற்பதில்லை; அதன் உடைந்த முனை வழியாகவும் காற்று உள்ளே ஓட்டம் கொள்கிறது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே, முடிந்தவரை அடியோடு, காய்ந்ததையும் பச்சையையும் சேர்த்து வெட்டிவிட்டால் குழலுக்குள் தண்ணீர் புகுந்து செடி மூழ்கிச் சாகும். ஜூலை, ஆகஸ்டில் சேமிப்பெல்லாம் மேலே இலையிலும் பூவிலும் இருக்கும்போது வெட்டுவது நல்லது. 'ஜோர்ஜியன் பே ஃபாரெவர்' என்ற அமைப்பு கோடைதோறும் இளைஞர்களையும் கரைவாசிகளையும் கூட்டி இதைச் செய்கிறது. பெரிய பரப்புக்கு நீரிலும் நிலத்திலும் ஓடும் வெட்டு இயந்திரங்கள் வருகின்றன.

வெட்டியதை அங்கேயே மிதக்க விட்டுவிட்டால் உழைப்பு வீண். ஒவ்வொரு தட்டையையும் வாரிக் கரையேற்றி, நீர் தொடாத மேட்டில் காயவைக்க வேண்டும். குஞ்சங்களைத் தனியாக நறுக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி வெயிலில் வேகவிடுகிறார்கள். உரக்குழியில் போடுவதில்லை. திரும்பும் முன் காலணிச் சேற்றையும் சுரண்டிக் கழுவுகிறார்கள்.

ஹூரன் கரை, மணல்மேட்டின் பின்புறம்

தெற்கே இறங்கும் வழியில், மணல்மேடுகளுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் ஒரு தாழ்நிலத்தில் ஆசிரியை காரை நிறுத்தச் சொன்னார். "நிப்பாட்டு, நிப்பாட்டு. அந்த நிறத்தைப் பார்."

கோரைகளுக்கும் குட்டைப் பூச்செடிகளுக்கும் நடுவே, இடைவெளி விட்டு விட்டு, மெல்லிய நாணல்கள் நின்றன. சுவர் இல்லை, கூட்டம் இல்லை. கால் வைத்து உள்ளே போக முடிந்தது. தண்டுகளுக்கு இடையே தட்டான்கள் பறந்தன. தண்டின் கீழ்ப்பகுதி செங்கபிலம். விரலால் தடவினால் மெருகிட்டதுபோல் வழுக்கியது. சில தண்டுகளில் மை தெளித்ததுபோல் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். இலை மஞ்சள் கலந்த பச்சை. குஞ்சம் அடர்த்தியில்லாமல் தளர்ந்திருந்தது.

ஐரோப்பிய வகையில் இவை எல்லாமே எதிர்மாறு. தண்டு வைக்கோல் நிறம், நகத்தால் வருடினால் வரிவரியாகச் சொரசொரக்கும். இலை நீலம் கலந்த பச்சை. குஞ்சம் கனத்தது. இலையுறை தண்டை இறுகப் பற்றியிருக்கும், குளிர்காலத்திலும் உதிராது; உள்ளூர் வகையில் இலையுறை இலகுவாகக் கழன்று, இலையுதிர்காலத்தில் தண்டு வெறுமையாகிவிடும். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் நம்புவது ஆபத்து. வெயில் பட்ட ஐரோப்பிய தண்டும் அடியில் சற்றுச் சிவக்கலாம். நிழலில் வளர்ந்த உள்ளூர்த் தண்டு வெளுத்திருக்கலாம்.

ஆசிரியை கைப்பையிலிருந்து கைலென்சும் சிறு அளவுகோலும் எடுத்தார். இலை தண்டோடு சேரும் மடிப்பில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. உள்ளூர் வகையில் அதன் உயரம் 1 மில்லிமீட்டருக்கு மேல், 1.7 வரை. ஐரோப்பிய வகையில் 1 மில்லிமீட்டரைத் தொடாது, 0.4 முதல் 0.9 வரை. இலையை மெதுவாக விலக்கி, வெயிலுக்குக் காட்டி அளந்தார். பல தண்டுகளில் அளந்தார். அதன் பிறகுதான் படம் எடுக்க அனுமதித்தார்.

"ஆரெண்டு தெரியாமல் கத்தி வைக்கப்படாது பிள்ளை. இதையும் சேத்து அறுத்துப்போட்டு, பிறகு காப்பாத்தினம் எண்டு சொல்லுறதில என்ன இருக்கு?"

ஊரில் வயலோரக் களை பிடுங்கும் பெண்கள் நெற்பயிரையும் அதைப்போலவே இருக்கும் கோழிச்சூடன் புல்லையும் விரல் நுனியால் பிரித்தறிவார்கள். அந்த விரல்நுட்பம்தான் இங்கேயும் தேவைப்படுகிறது. இந்தக் கரைகளில் நடக்கும் பெருவேலை முழுவதும் இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் தொடங்க வேண்டும். சந்தேகம் தீராதபோது மரபணுச் சோதனைக்கு இலைத்துண்டு அனுப்பும் வசதியும் உண்டு.

வால்போல் தீவு

செயிண்ட் கிளேர் ஆறு அதே பெயருள்ள ஏரியில் விழுமுன் பல கிளையாகப் பிரிந்து கட்டிய வண்டல் தீவுகளில் வால்போல் பெரியது. நன்னீரில் உருவான உலகின் பெரிய கழிமுகங்களில் ஒன்று இது. ஓஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி மக்கள் வாழும் நிலம். இதை அவர்கள் எந்த உடன்படிக்கையிலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்டாரியோவின் மற்ற இடங்களில் உழவில் மறைந்துபோன உயர்புல்வெளியும் ஓக் மரச் சோலைகளும் இங்கே இன்னும் உயிரோடிருப்பதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக அவர்கள் நிலத்துக்குக் காலமறிந்து தீ வைத்து வந்தது.

அந்தத் தீ நாணலிடம் தோற்றுவிட்டது என்பதுதான் இங்கே கேட்ட வேதனை. உயர்புல்வெளியைப் புதுப்பிக்கும் தீ, ஐரோப்பிய நாணலின் காய்ந்த தட்டையை மட்டும் எரிக்கிறது. நிலத்துக்கடியில் கிடப்பதற்கு ஒன்றும் ஆவதில்லை. வெளிச்சம் கிடைத்த உற்சாகத்தில் வசந்தத்தில் அது இன்னும் அடர்ந்து எழுகிறது. கொன்ற பிறகு சருகை அகற்றத்தான் தீ பயன்படும்.

சோளச் சூப்பு வைத்து உபசரித்த ஒரு முதியவர், தன் இளமையில் படகில் போன கால்வாய்களைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். வாத்து வேட்டை, கஸ்தூரி எலிப் பொறி, வசந்தத்தில் ஆமை என்று ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒரு பருவம் இருந்தது. இப்போது பல வழிகளில் படகு நுழையாது. ஊரின் வரைபடமே அழிகிறது என்று அவர் சொன்னபோது, வன்னியில் தூர்ந்துபோன குளங்களின் பெயர்களை ஆசிரியை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெறாமகள் மொழிபெயர்க்கச் சிரமப்பட்டாள். முதியவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

லீமிங்டன், பெலி முனை

கனடாவின் தக்காளித் தலைநகரம் என்று லீமிங்டனைச் சொல்வார்கள். கண்ணாடி வீடுகள் அடிவானம் வரை நீள்கின்றன. உள்ளே வேலை செய்பவர்களில் மெக்சிகோவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் பருவத்துக்கு வருபவர்கள் பலர். கடைத்தெருவில் மெக்சிகோ உணவகம் ஒன்றில் சோள அடையும் பச்சை மிளகாய்த் துவையலும் கிடைத்தன. பல நாளாக உறைப்புக்கு ஏங்கிய நாக்குகளுக்கு அது விருந்து.

ஊருக்குத் தெற்கே ஈரி ஏரிக்குள் கூராக நீளும் பெலி முனை, கனடாவின் பெருநிலத் தென்கோடி. ரோம் நகரத்தின் அட்சரேகை. 1918இல் தேசியப் பூங்கா ஆனது. பூங்காவின் பெரும்பகுதி சதுப்பு. பலகைப் பாதையில் நடந்தால் இருபுறமும் சம்பு, நடுநடுவே ஆம்பல் மிதக்கும் திறந்த நீர். தெற்கே மெக்சிகோவுக்குக் கிளம்பும் மொனார்க் பட்டாம்பூச்சிகள் செப்டம்பரில் இந்த முனையில்தான் கூடுகின்றன. அவை ஏரியைக் கடக்கக் காற்றுக்குக் காத்திருக்கும் மரக்கிளைகளை ஆசிரியை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

இந்தத் தென் ஒன்டாரியோவில் இன்னும் இரண்டு பூச்சிகளைப் பற்றிப் பேச வேண்டும். ஐரோப்பாவில் நாணல் ஆக்கிரமிப்பதில்லை. அங்கே அது கூரை வேயும் பொருள், பல பறவைகளின் வீடு; சில ஏரிகளில் அது தேய்ந்து வருவதே கவலை. அங்கே அதைத் தின்பதற்குப் பூச்சிகள் உண்டு, இங்கே இல்லை. சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஆண்டுகள் சோதித்த பிறகு, ஆர்க்கானாரா நியூரிக்கா, லெனிசா ஜெமினிபங்க்டா என்ற இரண்டு அந்துப்பூச்சிகளை விடுவதற்குக் கனடா 2019இல் அனுமதி தந்தது. டொரன்டோ பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் சேர்ந்து தென் ஒன்டாரியோவில் விட்டு வருகின்றன. வசந்தத்தில் பொரிக்கும் புழு இளந்தண்டைத் துளைத்து உள்ளே தின்கிறது, தண்டு மேலிருந்து வாடுகிறது. ஒரு புழுவுக்கு ஒரு தண்டு போதாது, அடுத்ததற்கு நகரும்.

உள்ளூர் நாணல் என்னாகும்? ஆசிரியை முதலில் கேட்டது இதைத்தான். அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் இதே அச்சத்தில் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள். அனுமதி கேட்டவர்கள் தந்த பதில்களில் ஒன்று ஹூரன் கரையில் பார்த்த அந்தக் கழன்ற இலையுறையிலேயே இருக்கிறது. இந்தப் பூச்சிகள் கோடையில் இலையுறைக்கு அடியில் முட்டையிடுகின்றன. முட்டையாகவே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஐரோப்பிய வகையில் உறை இறுகப் பற்றியிருப்பதால் முட்டை வசந்தம் வரை பத்திரம். உள்ளூர் வகையில் உறை இலையுதிர்காலத்தில் கழன்று விழ, முட்டையும் தரையில் விழுந்து அழிய வாய்ப்பு அதிகம். எதிர்ப்பவர்களுக்கு இது போதுமான உறுதி அல்ல. பூச்சி புல்லை ஒழிக்காது, மெலியவைக்கும்; அதுவும் பல ஆண்டுகளில். விட்டவர்களும் அதற்கு மேல் வாக்களிக்கவில்லை.

லாங் பாயிண்ட்

பயணத்தின் இதயம் இது. ஈரி ஏரிக்குள் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் நீளும் மணல் நாக்கு. அதன் அணைப்பில் சதுப்பு. 1982இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, 1986இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 1960இலிருந்து இங்கே பறவைக் கண்காணிப்பு நிலையம் இயங்குகிறது. மேற்கு அரைக்கோளத்தில் அதுவே மிகப் பழையது.

தொண்ணூறுகளின் இறுதியில் ஏரியின் நீர்மட்டம் இறங்கியபோது ஈரச்சேறு வெளியே தெரிந்தது. நாணல் விதைக்கு வேண்டியது அதுதான். 1995இல் ஏறத்தாழ 18 ஹெக்டேரில் இருந்த நாணல் 1999இல் 137 ஹெக்டேரை மூடிவிட்டது. வான்படங்களை வைத்து அளந்தவர்கள் பதறினார்கள். அதற்குப் பிறகும் அது நிற்கவில்லை.

யாருக்கு நட்டம் என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது ஒரு சிறு தேரையை. ஃபவுலர் தேரை கனடாவில் ஈரி ஏரியின் வடகரையில் மட்டும் வாழ்கிறது. இணைசேரவும் முட்டையிடவும் அதற்கு ஆழமில்லாத, வெயில் படும், திறந்த குட்டை வேண்டும். மெக்கில் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரீன் பல பத்தாண்டுகளாக இங்கே அந்தத் தேரைகளை எண்ணி வருபவர். குட்டைகள் நாணலால் தூர்ந்ததற்கும் தேரைகள் குறைந்ததற்கும் உள்ள தொடர்பை அவரும் அவர் மாணவரும் 2013இல் எழுதினார்கள். ஆமைகளுக்கு வேறு துன்பம். வெயில் பட்ட மணலில் முட்டை புதைப்பவை அவை. நாணலின் நிழல் மணலைக் குளிரவைக்கிறது, வேர் முட்டைக்குழிக்குள் நுழைகிறது. அடர்ந்த தண்டுகளுக்கு இடையே ஆமையால் நகரவும் முடிவதில்லை.

இவ்வளவு பரப்பைச் சவளால் வெல்ல முடியாது. அப்போது கனடாவில் இந்த நாணலுக்காகத் தண்ணீருக்கு மேல் களைக்கொல்லி தெளிக்க அனுமதி இருக்கவில்லை. 2016இல் லாங் பாயிண்டுக்கும் ரோண்டோ பூங்காவுக்கும் மட்டும் அவசர அனுமதி பெற்று, ஹெலிகாப்டரிலிருந்தும் சேற்றில் ஓடும் வண்டிகளிலிருந்தும் கிளைபோசேட் தெளித்தார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் ஆசிரியையின் முகம் இறுகியது. வட இலங்கையில் அது வெறும் மருந்தின் பெயர் அல்ல. அனுராதபுரம், வவுனியாப் பக்கம் உழவர்களைத் தின்ற, காரணம் பிடிபடாத சிறுநீரக நோயோடு அது பேசப்பட்டது. அறிவியலாளர்கள் தொடர்பை நிறுவவில்லை என்றாலும் 2015இல் இலங்கை அரசு அதைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடையைத் தளர்த்தியது.

"சதுப்பைக் காப்பாத்த அதுக்குள்ளேயே நஞ்சு ஊத்துறதோ?" என்று அவர் கேட்டதற்குக் களத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் தப்பித்து ஓடும் பதிலைச் சொல்லவில்லை. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ரூனியின் குழு முன்னும் பின்னும் நீரையும் சேற்றையும் எடுத்துச் சோதித்தது. மருந்தின் அளவு கனடாவின் நீர்வாழ் உயிர்ப் பாதுகாப்பு வரம்புக்குள்தான் இருந்தது. தெளித்த இடங்களில் நாணல் ஏறக்குறைய முழுவதும் செத்தது. செத்த இடத்தில் சில பகுதிகளில் ஐரோப்பியத் தவளைக்கடிச் செடி என்ற மற்றொரு அந்நியன் நீரை மூடியது என்பதையும் அதே குழு எழுதியது. செடி மீண்டும் தலைகாட்டும் இடங்களுக்கு மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் இளைஞர் அடுக்கிச் சொன்னார். ஹெலிகாப்டருக்குச் சிவந்த தண்டு தெரியாது. அதனால் பறக்கும் முன்பே உள்ளூர் நாணல் நிற்கும் இடங்களைக் கால்நடையாகப் போய்க் குறித்துவைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஆசிரியைக்கு முழு நிம்மதி வரவில்லை. வராதது நியாயம். ஆனால் மறுநாள் காலை பிக் கிரீக் சதுப்பின் பார்வைக் கோபுரத்தில் ஏறியபோது, மருந்து பட்ட பரப்பில் திறந்த நீரும், அதில் கூட்டமாக இறங்கிய வாத்துகளும், விளிம்பில் திரும்பி வந்த சம்பும் கோரையும் தெரிந்தன. தொலைவில் தெளிக்காத நிலம் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், எந்தப் பறவையும் இறங்காமல் நின்றது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடிந்ததால் அவர் தன் கேள்வியை மாற்றிக்கொண்டார். பரவுவதற்கு முன், சவளுக்கு அடங்கும் அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்திருந்தால் இந்த மருந்து வேண்டியிருக்குமா என்று கேட்டார். வேண்டியிருக்காது என்றார் இளைஞர்.

போர்ட் டோவர்

ஈரி ஏரியின் பெர்ச் மீனை வெண்ணெயில் பொரித்து, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு வைத்துத் தருவார்கள். விரலளவு மீன், முள் இல்லாமல் சீவியது. பெறாமகள் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்துத் தூவியதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் தனக்கும் கொஞ்சம் கேட்டார். அப்படித்தான் பேச்சு தொடங்கியது. ஏரிக்கரையில் அவருக்கு ஒரு சிறு காணி. அதன் பின்புற ஈரத்தில் நாணல் வந்துவிட்டதாகவும், வார இறுதியில் மண்ணள்ளும் இயந்திரம் கொண்டு முழுவதையும் தோண்டி எறியப்போவதாகவும் சொன்னார்.

தோண்டக் கூடாது என்று ஆசிரியை கையை உயர்த்தி மறித்தார். தோண்டினால் ஒரு புதர் நூறாகும். சாய்வாகச் சவள் இறக்குவது, குஞ்சத்தைப் பையில் கட்டுவது, தண்ணீர் நிற்கும் பகுதியை அடுத்த ஜூலை வரை விட்டுவைத்து நீருக்குள் வெட்டுவது எல்லாவற்றையும் பெறாமகள் வழியாகச் சொன்னார். எத்தனை வருடம் என்று அவர் கேட்டார். குறைந்தது மூன்று, அதன்பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது.

அடுத்த நாள் காலை அந்தக் காணிக்குப் போனார்கள். பெரும்பகுதி வைக்கோல் நிறத் தண்டுதான். சொரசொரப்பு, இறுகிய உறை, முக்கால் மில்லிமீட்டர்ச் சவ்வு. தண்ணீர்ப் பக்கக் கோடியில், கோரைகளுக்கு இடையே, மெல்லிய சில தண்டுகள் தனித்து நின்றன. ஆசிரியை சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாக அளந்தார். அளந்து முடித்தவற்றில் பெறாமகள் சிவப்புத் துணி நாடா கட்டினாள். காணிக்காரர் கைபேசியில் படம் எடுத்து, ஆக்கிரமிப்புத் தாவரங்களைப் பதியும் வரைபடச் செயலியில் புதரை ஏற்றினார். நாடா கட்டிய தண்டுகளின் எண்ணிக்கையைத் தன் மகனிடம் சொல்லி, சவள் எடுப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கச் சொன்னார்.